புல்லுக்குத் திருஷ்டி சுற்றியவன்

சொந்த வீடு வாங்கிய மனுஷனுக்குக் கொஞ்ச காலம் புத்தி மட்டாகத்தான் இருக்கும். சிலர் கேட் தூணில் சிங்க பொம்மை வைப்பார்கள். சிலர் வீட்டைவிடப் பெரிதாகக் கேட்டே போடுவார்கள். நான் புல் போட்டேன்.

கிளேபாங் பக்கம் ஒரு தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், மூலை வீடு. வாசலில் கொஞ்சம் வெற்று மண். அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மாமனார் வரப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஸ்டேட்டில் மண்டோராக, நம் கங்காணி மாதிரி இருந்து ஒரு டிவிஷன் ஆட்களையே மேய்த்தவர். அவர் பேச்சை மீறி மகள் கோமதி என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னோடு பேசியதில்லை. கோயிலில் எதிரே வந்தால் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு போவார். எங்கள் சின்னவளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். கோமதிக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பாதான் வந்து உட்கார வேண்டும் என்று அவள் போனில் அழுதாள். "பிள்ளைக்காக வர்றேன். உன் வீட்டுக்காரரோட எனக்குப் பேச்சு கிடையாது" என்று பதில் வந்தது.

வந்தும் பேசாமல் போய்விட்டால் அது ஆயுசுக்கும் அப்படியே நின்றுவிடும் என்று கோமதி பயந்தாள். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். வாசலில் பச்சைப் புல்லைப் பார்த்தால் எஸ்டேட்டில் வாழ்ந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமலா போவார் என்று கணக்குப் போட்டேன். (சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறவனின் கணக்கு. அங்கேயும் என் கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பார்.)

லோரியில் கார்ப்பெட் புல் வந்து இறங்கியது. மண்ணோடு சதுரம் சதுரமாக வெட்டிய புல். தரையைக் கொத்தி, மட்டம் பார்த்து, மணல் தூவி, துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கிப் பலகையால் தட்ட வேண்டும். இடுப்பு ஒடிய அடுக்கினேன். வேர் பிடிக்கும்வரை யாரும் மிதிக்கக் கூடாது என்பதால் எல்லாரையும் பின்பக்கச் சந்து வழியாக நடக்க வைத்தேன்.

"காசு கொடுத்து வீடு வாங்கிட்டு, திருடன் மாதிரி சமையக்கட்டு வழியா நுழையறோம் லா" என்றாள் கோமதி.

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். புல்லும் பச்சைப்பசேலென்று நின்றது. அதுவரைக்கும் சரி. அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சரசக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அடேங்கப்பா தம்பி, ஓட்டல் வாசல் மாதிரி இருக்கே. நம்ம தாமான்ல யாரு வீட்லயும் இப்படி இல்ல லா."

மறுநாள் ஓரத்தில் ஒரு துண்டு மஞ்சளாகியிருந்தது.

இடம் மாறிய புல் ஓரத்தில் கொஞ்சம் வாடும், தண்ணீர் விட்டால் தானாகத் தெளியும். இது இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சரசக்காவின் கண்.

"கண்ணு பட்டுருச்சு" என்றேன்.

"புல்லுக்கா?" என்றாள் கோமதி.

"ஏன், புல்லுக்கு உசுரு இல்லையா?"

கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் கை நிறைய அள்ளிப் புல்லை மூன்று சுற்றுச் சுற்றினேன். முறைப்படி உப்பை முச்சந்தியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். எங்கள் முச்சந்தியில் எந்நேரமும் கார்கள். (அங்கே போய் நின்றால் எனக்கே யாராவது சுற்றிப் போட வேண்டியிருக்கும்.) ஆகவே மிளகாயை அடுப்பில் போட்டுவிட்டு, உப்பை வாளித் தண்ணீரில் கரைத்துப் புல்லின் மேலேயே தெளித்தேன். தண்ணீர் விட்ட மாதிரியும் ஆயிற்று, திருஷ்டி கழித்த மாதிரியும் ஆயிற்று என்று சந்தோஷம் வேறு.

மஞ்சள் பரவியது. சரசக்கா மறுபடி வந்து, "ஐயோ பாவம், எவ்வளவு அழகா இருந்துச்சு" என்றார். பாவம் பார்த்த கண்ணுக்கும் சேர்த்து உப்பைக் கூட்டினேன். கூட்டக் கூட்டப் புல் பழுத்தது. பழுக்கப் பழுக்க நான் கூட்டினேன். மளிகைக் கடை பாய் உப்பைக் கட்டிக் கொடுக்கும்போது, "என்ன தம்பி, கருவாடு போடுறீங்களா?" என்று விசாரித்தார். அவர் கண்ணும் பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தது.

காதுகுத்து அன்று காலை புல் பழைய துடைப்பத்தின் நிறத்தில் கிடந்தது. விருந்தாட்கள் வருவதற்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தோம். முதலில் வந்தவை பின்னாலிருக்கும் கம்போங் கிராமத்து ஆடுகள். அதுவரை எங்கள் தெருவை எட்டிக்கூடப் பார்க்காத ஆடுகள். ஒன்று புல்லைக் கடித்து இழுக்க, துண்டு அப்படியே பாய் மாதிரி எழுந்து வந்தது. மற்றவை மண்ணை நக்கத் தொடங்கின.

"ஏங்க, ஆடு எதுக்கு மண்ண நக்குது?" என்று கேட்ட கோமதிக்குக் கேட்டு முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. "அட மனுஷா, எங்கப்பா வர்ற நாள்ல இப்படியா? வாங்குன உப்பையெல்லாம் கொட்டிப் புல்ல ஊறுகா போட்டுட்டீங்களே."

அவள் குரல் கேட் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தக் கேட்டில்தான் மாமனார் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு கிடா என் பட்டு வேட்டியின் நுனியை மென்றுகொண்டிருந்தது. அவர் ஆட்டைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், பிறகு வழக்கம்போல என் தோளுக்கு மேலே பார்த்தபடி உள்ளே போய்விட்டார்.

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். காது குத்தியபோது குழந்தை அழுதது. அதைச் சாக்கு வைத்துக் கோமதியும் அழுதாள். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எல்லாம் போச்சு என்று எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

பந்தியில் நான்தான் ரசம் ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவர் நிறுத்திவிட்டார். ரசத்தில் உப்பே இல்லை. (வீட்டிலிருந்த உப்பு எங்கே போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) கோமதி பதறிப்போய், "அப்பா, பக்கத்து வீட்ல உப்பு வாங்கிட்டு வரவா?" என்றாள்.

"எதுக்கும்மா? அதான் மாப்பிள்ளை வாசல்ல பயிர் பண்ணி வச்சிருக்காரே" என்றார், இலையைப் பார்த்தபடியே. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, வெளைச்சல் எப்படி?"

கரண்டியோடு நின்ற நான், "நல்லாத்தான் இருக்கு மாமா" என்றேன். பந்தியே சிரித்தது. கோமதி சமையலறைக்குள் போய் இன்னொரு தடவை அழுதுவிட்டு வந்தாள்.

இப்போது வாசலில் சிமெண்டு. வாரா வாரம் வந்து அதன்மேல் நாற்காலி போட்டு உட்காருகிறார் மாமனார். வருகிறவர்கள் யாராவது தெரியாத்தனமாக "வாசல் நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும். தெருவுக்கே கேட்கிற மாதிரி வீட்டுக்குள் குரல் கொடுப்பார்.

"மாப்பிள்ளை, உப்பு எடுத்துட்டு வாங்க."