ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை, அதற்குள் நான்

என் அன்புத் தங்கைக்கு,

குளிரைப் புறமுதுகு காட்ட வைத்த மாவீரனாகிய உன் அண்ணன், விரல் இருபதும் உதிராத நிலையில் எழுதிக்கொள்வது. முதலில் மூச்சை விடு. மாப்பிள்ளை தேறிவிட்டார்.

உன் மகள் இந்தப் பல் டாக்டரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்க, நீயோ, "அந்த ஆள் சிரிச்சு யாராவது பார்த்திருக்கீங்களா, நாளைக்கு என் பொண்ணு சுவரோடயா குடும்பம் நடத்துவா" என்று மூக்கைச் சிந்தி, ஆளை எடைபோட்டு வரச்சொல்லி என்னை அவரோடு மலையேற்றினாயே, ஏறினோம். இது நீ அறிந்த குளிர் இல்லை, பனிக்கரடியே போர்வை கேட்டு வாசலில் நிற்கும் குளிர். வழியெல்லாம் நான் அவிழ்த்துவிட்ட ஜோக்குகளுக்குப் பாறைகூட விரிசல் விட்டது, மாப்பிள்ளை உதடு பிரியவில்லை. கூடாரத்தில் அவர் பேசினது இவ்வளவுதான்: உள்ளே புகுந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக் ஒன்று போதாது, மெல்லியதை உள்ளே வைத்துத் தடிமனானதை மேலே மாட்ட வேண்டும், மாற்றிப் போட்டால் தடித்த பை நசுங்கிச் சூடு நிற்காது, முக்கியமாக இரண்டு ஜிப்பும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். எனக்கா பாடம்? ஒரே பக்கம் இருந்தால் குளிருக்கு வழி சுலபமாச்சே என்று உள் ஜிப்பை இடப்பக்கமும் வெளி ஜிப்பை வலப்பக்கமும் வைத்து, தலைமூடிக் கயிற்றையும் இரட்டை முடிச்சாகப் போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அடைகாத்த முட்டை மாதிரி கிடந்தேன்.

விடிந்ததும் டீ வாசனை வந்தது. உள் ஜிப்பைத் திறந்தால் எதிரே வெளிப்பை வழிமறிக்கிறது, அதன் ஜிப்பைத் தேடித் திரும்பினால் உள்பையும் கூடவே திரும்புகிறது. உருண்டேன், குதித்தேன், கூடாரத்தையே பிடுங்கி இழுத்துக்கொண்டு மாப்பிள்ளை காலடியில் போய் விழுந்தேன். அவர் நிதானமாகக் குனிந்து, "மாமா, நீங்க உள்ள போறீங்களா, வெளிய வர்றீங்களா?" என்றார். கேட்டுவிட்டுச் சிரித்தார் பார், டீப் பாத்திரம் கவிழ்ந்தது, பக்கத்துக் கூடாரத்தார் ஓடி வந்தார்கள், எதிர்மலை கொஞ்சம் நகர்ந்தது. முப்பத்திரண்டையும் கண்டேன். எல்லாம் சொந்தப் பல்.

பிறகு நான் ஒரே உதறலில் சிங்கம்போல வெளியே வந்து, சூரியனுக்கே வணக்கம் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். கவலையை விட்டுக் கல்யாணத்தைப் பேசி முடி. நீயும் மச்சானும் நூறு குளிர்காலம் இருமல் இல்லாமல் காண வாழ்த்தும்,

உன் அண்ணன்.

பி.கு.: அத்தை, எழுதியது நான். மாமா இன்னும் பைக்குள்தான் இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிச்சு இறுகிவிட்டது, கத்திரிக்கோலை எடுத்தால் பை புதுசு என்று அலறுகிறார். மறுபடி டீ போட்டு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருக்கிறேன். சிங்கம் பொய், சிரித்தது நிஜம். கையெழுத்து இப்படி ஆடுவது குளிரால் இல்லை.