விண்கப்பலுக்குப் பதில் முலாம்பழம்

"இது என்னங்க?"

"பெட்டி."

"பெட்டின்னு எனக்கும் தெரியுது. உள்ள என்ன?"

"விண்வெளிக் கப்பல், கசுமி. பிளாஸ்டிக்கு. நாமளே ஒட்டிச் சேக்கணும்."

"நாமளேவா? நீங்க என்னைக்கு ஒட்டுனீங்க?"

நியாயமான கேள்விதான். ஜப்பான்ல, ஷிசுவோக்காவுல ஒரு தேயிலைக் கம்பெனியில வேலை பாக்குற குனிஹிரோ, இதுவரைக்கும் ஒரு கப்பலையும் ஒட்டுனதில்ல. பெட்டியத் திறப்பாரு, மோந்து பாப்பாரு, 'முதல் பார்வை'ன்னு இணையத்துல நீளமா எழுதுவாரு. அப்புறம் மூடி அலமாரியில செருகிடுவாரு. போன மாசம் அலமாரிக் கதவு சாத்த முடியாமப் போனதும் அவரு பொண்டாட்டி கசுமி தீர்ப்பு சொல்லிட்டாங்க: இன்னொரு பெட்டி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா மொத்தமும் பழைய சாமான் கடைக்குப் போயிடும்.

அந்த இன்னொரு பெட்டிதான் இப்ப சாப்பாட்டு மேசை மேல திறந்து கிடக்குது. சும்மா சொல்லக்கூடாது, என்னமா செஞ்சிருக்கான்! உடம்பு பூரா முடி கனத்துல கோடு. எறும்பு ஏறுற சைசுல ஏணி. எஞ்சினுக்குள்ள இன்னொரு எஞ்சின். ஒட்டி முடிச்சா அது யாரு கண்ணுக்கும் தெரியாது. தெரியாத அந்த இடத்துக்குத்தான் பாதி விலை.

"நான் வாங்கலம்மா. எங்க மேனேஜர் இசோபே சார் பரிசாக் குடுத்தாரு."

அலமாரி தப்பிச்சுதுன்னு மனுஷனுக்கு நினைப்பு.

"மேனேஜரா? ஐயையோ, அப்ப வழக்கப்படி பாதி விலைக்காவது நாம பதிலுக்குச் செய்யணுமே!" போன்ல விலையப் பாத்த கசுமி அப்படியே உக்காந்துட்டாங்க. "இவ்வளவு விலையா? உங்களுக்கா? எதுக்கு?"

"நல்லா வேலை பாக்குறேன்னு..."

"நீங்க?"

சாயங்காலமே பதில் பரிசு வந்து இறங்கிடுச்சு. அந்த ஊர்ல பெரிய மனுஷங்களுக்கு மரியாதைக்குக் குடுக்குற, நகை விலைப் பழம். மரப்பெட்டிக்குள்ள மெத்தை போட்டுப் படுத்திருக்குற முலாம்பழம். அந்த வீட்டுல யாருக்கும் அப்படி ஒரு படுக்கை கிடையாது.

"நாளைக்கு நானும் வரேன். நேர்ல நன்றி சொல்லணும்."

குனிஹிரோ குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு மேனேஜருக்குப் போன் பண்ணாரு.

"சார், நீங்க எனக்கு ஒரு கப்பல் குடுத்திருக்கீங்க."

"நானா? எப்ப?"

"வீட்டுல அப்படிச் சொல்லிட்டேன் சார். நாளைக்கு முலாம்பழத்தோட வரோம்."

"மரப்பெட்டியா?"

"மரப்பெட்டிதான் சார்."

"சரி, குடுத்தேன்னே வச்சுக்கோ. மாசக் கடைசிக் கணக்கு முழுக்க உன் தலையில."

மறுநாள் தன் வீட்டு வாசல்ல நின்னு மேனேஜர் கூச்சமே இல்லாமப் பழத்த வாங்கிக்கிட்டாரு. "உங்க வீட்டுக்காரர் எங்க கம்பெனியோட தூணும்மா!"

திரும்பி வர்றப்ப கசுமி கேட்டாங்க. "தூணுக்கு ஏன் சம்பளம் ஏறல?" அப்புறம், "மேனேஜர் குடுத்தத ஒட்டாம வச்சா மரியாதையா? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிங்க. போட்டோ அனுப்பணும்."

இணையத்துல ஆயிரம் பேருக்கு யோசனை சொன்ன நிபுணர் அன்னைக்குத்தான் முதல் முதலாப் பசை டப்பாவத் திறந்தாரு. அரை மணி நேரத்துல றெக்கை ஒட்டுச்சு, கட்டை விரலோட. விரலப் பிடுங்கப் போயி ஏணி கீழ விழுந்துச்சு. ஏணியத் தேடுன முழங்காலுக்கு அடியில எஞ்சின் நொறுங்குச்சு. அவரு எழுதுன முதல் பார்வையில 'ஒட்டுறதுக்கு ரொம்ப சுலபம்'னு இருக்கு. போய்ப் பாருங்க.

ஞாயித்துக்கிழமை வாசல் மணி அடிச்சுது. இசோபே சாரோட பொண்டாட்டி, ரெண்டு கையிலயும் பைபையாப் பரிசு. பின்னாடி இசோபே சார், தன் செருப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு.

அந்தம்மா இடுப்பு வரைக்கும் குனிஞ்சாங்க. "முலாம்பழத்தப் பாத்ததும் எனக்கு மானமே போச்சுங்க. ஒரே ஒரு கப்பலுக்கு நீங்க இவ்வளவு செய்றீங்க. உங்க வீட்டுக்காரர் வருசக்கணக்கா எங்க வீட்டுக்காரருக்குப் பரிசாக் குடுத்த கப்பல் ஒரு ரூம் பூரா அடுக்கிக் கிடக்குது, நாங்க ஒரு மிட்டாய் கூடத் திருப்பிக் குடுக்கலையே!"

கசுமி மெதுவாத் திரும்பி குனிஹிரோவப் பாத்தாங்க.

மேனேஜரும் வீட்டுல இதே பொய்யத்தான் சொல்லி வச்சிருக்காரு: உண்மைய உடைச்சா வேலை போயிடும், ரூம் பூரா கப்பலும் நான் வாங்கினதுதான்னு ஒத்துக்கிட்டா அலமாரி போயிடும். வாசல்ல மூணு பேரும் அவரு மூஞ்சியவே பாக்குறாங்க. நீங்களா இருந்தா என்னங்க சொல்லுவீங்க? கொஞ்சம் சீக்கிரம் கீழ எழுதுங்க.