ஊறிய கூலண்ட்

வாரண்டி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதில் செய்யாதே என்று போட்டிருந்ததைச் செய்துவிட்டு, பச்சைப் பொய்யும் சொன்னவன் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கையில் வந்ததைப் போட்டு ஒரு ஹைபிரிட் கார் வாங்கியிருந்தேன். கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடும், கொஞ்ச நேரம் பெட்ரோலில். (எப்போது எதில் ஓடுகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்பவர்களிடம் தலையாட்டி வைப்பேன்.) என்ஜினைக் குளிர வைக்கும் கூலண்ட் அதில் குறைந்துகொண்டே வந்தது. தரையில் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை.

நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்பில் ஷீபா என்ற பெண்தான் சர்வீஸ் அட்வைசர். என்ஜினை நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, கூலண்ட் டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டார்.

"ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க சார். எவ்வளவு குறையுதுன்னு பாக்கணும். நீங்களா எதுவும் ஊத்தாண்டாம். கண்ட வெள்ளத்தை ஊத்தி என்ஜின் கெட்டா வாரண்டில வராது."

இதை நான் வீட்டுக்கு வந்து மனைவி எஸ்தருக்கு மூன்று தடவை பாடம் எடுத்தேன். கார் பக்கமே போகாத அவளுக்கு.

ஐந்தாம் நாள் புதுக்கடையில் ஒரு கல்யாணம். போகிற வழியில் சூடு கூடிவிட்டதாக விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டுத் திறந்தால், கூலண்ட் அடிமட்டத்தில் கிடக்கிறது.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்க" என்றாள் எஸ்தர்.

"நான் கணக்கு வாத்தியாராக்கும்" என்றேன். (அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதே அவள் கேட்டிருக்கலாம்.)

என் கண் அவள் கையிலிருந்த பாட்டில்மேல் விழுந்தது. எங்கள் பக்கத்தில் குடிக்கிற வெள்ளத்தை, அதாவது தண்ணீரை, பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சுவோம். நல்ல ரோஸ் நிறத்தில் இருக்கும். கூலண்டும் ரோஸ். கர்த்தரே வழிகாட்டுகிறார் என்று நினைத்து, முழு பாட்டிலையும் கவிழ்த்தேன்.

"அவியளுக்குத் தெரியாதா?"

"ரெண்டும் ஒரே நிறம். யாருக்குத் தெரியும்?"

கல்யாண வீட்டில் பிரியாணி தின்னும்போதும், வாரண்டி போச்சு, ஓய்வுப் பணம் போச்சு என்றே உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஷீபா டார்ச் அடித்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், கோட்டுக்கு மேல நிக்குது. எதாவது ஊத்தினீங்களா?"

"ஒரு சொட்டு ஊத்தல்ல."

"பின்ன எப்படி கூடிச்சு?"

முப்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பொய்களைக் கேட்டவன் நான். அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று அன்றுதான் புரிந்தது. என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஊறியிருக்கும்."

ஷீபா சிரிக்கவில்லை. டப்பாவுக்குள் இடுக்கியை விட்டு, ஒரு சின்னப் பட்டைத் துணுக்கை எடுத்து மோந்து பார்த்தார்.

"எங்க வீட்டிலயும் இதுதான் சார் காய்ச்சுவாவ."

எஸ்தர் அதற்குமேல் பொறுக்கவில்லை. "எனக்க வீட்டு வெள்ளம்தான் மக்கா அது. இவியதான் ஊத்தினாவ. வாரண்டி போச்சா?"

இருந்ததை வடித்துவிட்டு, சரியான கூலண்டை நிறைத்து, காற்றடித்து அழுத்தம் ஏற்றிச் சோதித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பைபிளில் எனக்குத் தெரிந்த சங்கீதம் அத்தனையும் சொல்லி முடித்தேன். ஷீபா பழைய போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார்.

"வாட்டர் பம்ப்ல கசிவு சார். கீழ சொட்டுததுக்கு முந்தியே சூட்டில காஞ்சு, இன்னா பாருங்க, ரோஸ் பொடியா ஒட்டியிருக்கு. நீங்க வெள்ளம் ஊத்துததுக்கு முந்தியே இது இருக்கு. என்ஜினுக்கும் கேடில்ல. பம்பை வாரண்டில மாத்தலாம். உள்ள கழுவி புது கூலண்ட் விடுதது மட்டும் உங்க செலவு. நல்லவேளை, பக்கத்து டப்பால ஊத்தல்ல. அது ஹைபிரிட் கரண்ட் சாமானுக்குள்ளது, அதுல வெள்ளம் போயிருந்தா வாரண்டியும் போயிருக்கும்."

அப்பாடா என்று அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பம்ப் மாற்றியாயிற்று, காருக்கு ஒரு குறையும் இல்லை. மைத்துனன் வந்தால் "அக்கா, ஒரு கிளாஸ் கூலண்ட் தா" என்பான். அதுகூடப் போகட்டும். போன வாரம் டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை கூடியிருக்கே, இனிப்பு எதாவது சாப்பிட்டீங்களா?" என்றார்.

"தொடவே இல்ல டாக்டர்" என்றேன். (மூன்று முந்திரிக்கொத்தெல்லாம் ஒரு கணக்கா?)

பக்கத்தில் இருந்த எஸ்தர் நிதானமாகச் சொன்னாள்:

"ஊறியிருக்கும்."