ஐந்தாம் நம்பர் பெட்டியின் சீல் குறித்து

பீளமேடு, கோயமுத்தூர்
28.1.1999

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கிருபாசங்கர் அவர்களுக்கு, மாமனார் லட்சுமணசாமி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் போர்வெல் மோட்டாரும் சௌகரியம். அவ்விடம் நீங்களும், எட்டாவது மாதத்தில் இருக்கும் எங்கள் கீதாவும், உங்கள் வலது கையும் சௌகரியமாக இருக்க மருதமலையானை வேண்டுகிறேன். கையைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் போனை எடுப்பது கீதா. இந்த நேரத்தில் அவள் காதில் விழவேண்டிய விஷயம் இல்லை என்பதால் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

சிங்கப்பூரைக் காலி செய்துகொண்டு அமெரிக்கா போகும்போது நீங்கள் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியில் எட்டு பொம்மைகள் இருந்தன. வீடியோ கேமில் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்ளும் ஆட்களின் பொம்மைகள். ஒவ்வொன்றும் தனிப்பெட்டியில், முன்னால் கண்ணாடித்தாள், மூடியில் சீல். பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கு முன்கூட்டியே வாங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். கீதாதான் என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, "அப்பா, அது அவருக்குங்கப்பா" என்றாள். "வெளையாடறதுக்கா கண்ணு?" என்றேன். "இல்லீங்கப்பா, பிரிக்காம வெக்கறதுக்கு" என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் பூராவும் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான், பிரிக்காமல் வைப்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கே பீரோவிலிருந்து உங்கள் அத்தையின் பட்டுப்புடவைகளை எடுத்து டிரங்குப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, உங்கள் எட்டுப் பேரையும் உள்ளே நிறுத்தினேன். அவர்கள் பெயர்கள் என் வாயில் நுழையாததால் ஸ்டோர்ஸ் வழக்கப்படி ஒன்றிலிருந்து எட்டு வரை நம்பர் எழுதிப் பெட்டிக்கு அடியில் சீட்டுக் கட்டினேன். ஒட்டவில்லை, கட்டத்தான் செய்தேன், ஒட்டினால் அட்டை உரியும். மாதம் ஒருமுறை பாச்சை உருண்டை மாற்றினேன். புடவை போன வருத்தத்தில் உங்கள் அத்தை மட்டும், "கட்டிக்கிட்டுப் போற பொடவைக்கு டிரங்குப்பெட்டி, கட்டிப்பொரள்ற பொம்மைக்குப் பீரோ" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில் ஐப்பசியில் உங்களுக்கு வலது மணிக்கட்டு வலி வந்தது. டாக்டர் பெல்ட் கட்டச் சொன்னார், நீங்கள் இடது கையால் சாப்பிடுகிறீர்கள் என்று கீதா போன் செய்தாள். கம்ப்யூட்டர் வேலையால் வந்தது என்றாள். கம்ப்யூட்டரில் எந்த வேலையால் என்று நான் கேட்கவில்லை. உங்கள் அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்து, பொள்ளாச்சி தாண்டி இருக்கும் எங்கள் குலசாமி கோவிலுக்கு ஒரு ஆள் உருவாரம் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். நீங்கள் பம்பாயில் வளர்ந்தவர், தெரிந்திருக்காது. எங்கள் பக்கம் மாட்டுக்குச் சீக்கென்றால் மண்ணில் மாடு, மனுசனுக்கு என்றால் மண்ணில் ஆள், காலுக்கு என்றால் கால் என்று செய்யச் சொல்லி வாங்கிப்போய்க் கோவிலில் வைத்துவிடுவோம். அதற்குத்தான் உருவாரம் என்று பேர். எங்கள் கோவிலில் மாட்டுப்பொங்கல் அன்று மட்டும்தான் வைக்கலாம், விட்டால் அடுத்த தைதான்.

உங்கள் அத்தை முறைப்படி சொல்லிவைத்து, முறைப்படி வைக்கோல் சுற்றித்தான் மண் உருவாரத்தை வாங்கிவந்து வைத்திருந்தாள். மாட்டுப்பொங்கல் காலையில் பிரித்துப் பார்த்தால் வலது கை தனியாக வந்துவிட்டது. இடது கை என்றாலும் பரவாயில்லை, கொண்டுபோயிருப்பாள். வலது கைக்கு வேண்டிக்கொண்டு வலது கை இல்லாத ஆளைக் கொண்டுபோய் வைப்பது எப்படி. நான் அப்போது வீட்டில் இல்லை, மோட்டாருக்கு வயர் வாங்கப் போயிருந்தேன். பீரோ சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிற என் பழக்கம் அவளுக்குத் தெரியும். திரும்பி வந்து பார்த்தால் பீரோ திறந்திருக்கிறது, ஐந்தாம் நம்பர் பெட்டி காலியாக நிற்கிறது, அத்தையைக் காணோம். ஐந்தாம் நம்பர் யார் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேல்சட்டை கிடையாது, இடுப்பில் கறுப்புத்துண்டு, வலது முஷ்டியை மடக்கி மேலே தூக்கியிருப்பான், புஜம் மட்டும் பூசணிக்காய் அளவு. சாயங்காலம் வந்தவளிடம் பிரிக்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று கேட்டேன்.

"ஏனுங்க, பெட்டியோட வெச்சா உள்ள இருக்கறது ஆருன்னு சாமிக்கு எப்படீங்க தெரியும்?" என்றாள்.

"அது மண்ணில்லையே, பிளாஸ்டிக்கு."

"மனசுதானுங்க முக்கியம். அந்தக் கையப் பாத்தீங்களா? நம்ம மாப்பளைக்கும் அப்படி ஒரு கையி வரட்டும்னுதான் எடுத்தேன். சீலக்கூட மெதுவாத்தானுங்க பிச்சேன்."

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நான் கிளம்பிவிட்டேன். கோவிலில் மண் மாடும் கன்றுமாக வரிசை வரிசையாக நிற்க, நடுவில் உங்கள் ஆள் முஷ்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். நெற்றியில் மஞ்சளும் பொட்டும், கழுத்தில் செவ்வந்தி மாலை, காலடியில் எலுமிச்சம்பழம். ஆனைமலைப் பக்கத்து விவசாயி ஒருத்தர், நுகம் பட்டுத் தோள் வீங்கிப்போன தன் காளைக்காக உங்கள் ஆளின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "ஆருங்க இது?" என்று அவரையே கேட்டேன். "தெரியலீங்க. ஆனா பலசாலி" என்றார். நான் பூசாரி கந்தப்பனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுசன், பொறுமையாகக் கேட்டார்.

"வெச்சதத் திருப்பி எடுக்கற வழக்கம் இங்க இல்லீங்களே. வெச்சதுக்கப்பறம் அது உங்க ஊட்டம்மாளுது இல்லீங்க" என்றார்.

"மொதல்லயே அது அவளுது இல்லீங்க, மாப்பளையுது" என்றேன்.

"வேண்டுதல் ஆரு கைக்குங்க?"

"மாப்பள கைக்குத்தான்."

"அப்பச் சரியாத்தானுங்க வந்து சேந்திருக்குது" என்று முடித்துவிட்டார்.

நான் விடவில்லை. பூக் கேட்கலாம் என்றேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, வெள்ளை வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், சிவப்பு வந்தால் போகக்கூடாது என்று பேச்சு. சிவப்பு வந்தது. மறுபடி போடச் சொன்னேன், மறுபடியும் சிவப்புதான். ஸ்டோர்ஸ் புத்தி எங்கே போகும், மிச்சமிருந்த பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தேன். அதில் வெள்ளைதான் இருந்தது. கந்தப்பன் அதற்கும் கோபித்துக்கொள்ளாமல் எனக்குப் பொங்கல் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கோட்டைமேட்டில் என் சிநேகிதர் அப்துல் வஹீதுவிடம் போனேன். ஸ்வீட் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவர். சீலைப் பழையபடி ஒட்டித்தர முடியுமா என்று கேட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க லட்சுமணசாமி, ஒட்டறது நம்ம தொழிலு, ஒட்டிப்போடலாம். காலிப் பெட்டிய நெறஞ்ச பெட்டின்னு மாப்பிள்ளகிட்டச் சொல்றது உங்க தொழிலு. அது உங்களால முடியுங்களா?" என்றார். முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

நிற்க. போன ஞாயிற்றுக்கிழமை கீதா போன் செய்து, உங்கள் கை நன்றாகிவிட்டது, பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டீர்கள், வலது கையாலேயே சாப்பிடுகிறீர்கள் என்றாள். உங்கள் அத்தை எனக்கு இரண்டாவது தரம் குழம்பு ஊற்றினாள், அவ்வளவுதான். இப்போது நிலவரம் என்னவென்றால், ஐந்தாம் நம்பரைத் திருப்பிக் கொண்டுவந்தால் செட் முழுசாகும், ஆனால் கைக்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. அங்கேயே விட்டால் கை நிற்கும், செட் நொண்டியாகிவிடும். அந்தக் கம்பெனிக்காரன் இந்தப் பொம்மைகளைச் செய்வதையே நிறுத்திவிட்டான் என்றும், ஒன்று குறைந்தாலும் மற்றதுக்கு மதிப்பில்லை என்றும் கீதா முன்பே சொல்லியிருக்கிறாள். எனக்கு இதில் அபிப்பிராயம் எதுவும் இல்லை. உங்கள் பொம்மை, உங்கள் கை, நீங்களே முடிவு செய்யலாம். நான் கேட்பது ஒன்றுதான். கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள், நான் பழகினவன். கீதாவிடம் முகத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். அவள் இந்த மாதிரி இருக்கும்போது பக்கத்தில் நாங்கள் இல்லையே என்பதே எங்களுக்குப் பெரிய குறை. நீங்களும் பேசாமல் இருந்துவிட்டால் அந்தப் பனியூரில் பிள்ளை யாரிடம் பேசுவாள்.

மிச்சம் ஏழு பெட்டிகளுக்கு நான் பொறுப்பு. பீரோ சாவியை இப்போது அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறேன், குளிக்கும்போதும் கூடவே இருக்கிறது. அத்தையிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், இனி எந்தச் சாமிக்கு எந்த வேண்டுதல் என்றாலும் மண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று. என் உடம்பில் உயிர் இருக்கிறவரை ஏழு பெட்டியின் சீலும் உடையாது. நீங்கள் எப்போது வந்து எண்ணினாலும் ஏழு இருக்கும். சர்வீஸில் ஒரு வாஷர்கூடக் குறைந்ததில்லை என்று எனக்குச் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்கள், வேண்டுமானால் நகல் அனுப்புகிறேன்.

நீங்களும் கீதாவும் வரப்போகிற குழந்தையும் நோய்நொடியில்லாமல் நூறு பொங்கல் காணவேண்டும் என்று நாங்கள் இருவரும் இங்கிருந்தே தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத மாமனார்,
லட்சுமணசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது கீதாவின் போன் வந்தது. நீங்கள் ஆபீஸில் இருந்தீர்களாம். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறதாம், தானாகத் திரும்பாவிட்டால் கிழித்துத்தான் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்னதிலிருந்தே அவள் பயந்தால்தான் அப்படிச் சிரிப்பாள். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் உங்கள் அத்தை பீரோப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். சாவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். மாட்டுப்பொங்கல் முடிந்துபோனதே என்று மட்டும் நான்தான் சொன்னேன். கந்தப்பன் நல்ல மனுசன், கேட்டுப் பார்க்கலாமுங்க என்றாள். ஏழாம் நம்பர் பெட்டியின் சீலைப் பிளேடால் நானே அறுத்தேன், அட்டை உரியவில்லை. ஏழாம் நம்பர் அந்தச் சடைபோட்ட பெண். முதுகில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் குட்டிக்கரணம் போடுவாள் என்று பெட்டிக்குப் பின்னால் படம் போட்டிருந்ததால், உங்கள் ஆட்களிலேயே நன்றாகத் திரும்பத் தெரிந்தவள் இவள்தான் என்று எடுத்தேன். மேலே ஏழு என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் ஆறு என்று படித்துக்கொள்ளவும். பஸ்ஸுக்குப் போகுமுன் அமுக்கிப் பார்த்துவிட்டேன், தலை கீழே வரும்படி ஒழுங்காகத் திரும்புகிறாள். பிள்ளை திரும்பியதும் ஒரு போன் போடச் சொல்லவும்.