கடுகர் வயலில் கடுகு இல்லை

கோபப்படுவதில் கடுகரை வெல்ல, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து அப்டன் பார்க் வரை ஓர் ஆள் கிடையாது. பஸ் பிந்தினால் கோபம். நேரத்துக்கு வந்தால், தான் ஓடிப்போய் ஏற வேண்டியதாய்ப் போச்சே என்று அதற்கும் கோபம். மனுஷர் தேத்தண்ணியைக்கூடத் திட்டித் திட்டித்தான் ஆற்றுவார்.

ஜேர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, பார்க்கிங்கில் டயர் கடை போட்டவர். தமிழில் திட்டு தீர்ந்துபோனால், இங்கிலீசு அவசரத்துக்கு வராது, ஜேர்மன்காரரின் டொச் மொழிதான் வரும். டொச் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் ஓடிவிட வேண்டும்.

கடை நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் எசெக்ஸ் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் சின்ன வயல் துண்டொன்றைக் குத்தகைக்கு எடுத்து, சேமிப்பு முழுவதையும் அதில் கொட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, “டயர் முளைக்குமே?” என்று என்னிடம் பாய்ந்தார். ஊரிலே அவருடைய காணியை ஆமி பிடித்து முகாம் போட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

விதைக்கப்போனது ரேப்சீட். சில நாடுகளில் கனோலா என்கிறார்கள், எண்ணெய் எடுக்கிற சின்னக் கறுப்பு விதை. அதில் ஒரு பிடியைக் காட்டுவதற்காக, நான் வேலை செய்த அப்டன் பார்க் பலசரக்குக் கடைக்குக் கொண்டுவந்தார். எங்கள் முதலாளி எட்டிப் பார்த்து, “கடுகோ அண்ணை?” என்றார். அவ்வளவுதான். அது கடுகு இல்லை என்று அவர் போட்ட சத்தத்தில், மீன் வாங்க வந்த சனம் மீனை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பொழுதுபடுவதற்குள் அவர் கடுகர் ஆகிவிட்டார். மறுக்க மறுக்கப் பெயர் பரவியது. கடைசியில் அவருடைய மனிசியே போனில், “கடுகர் குளிக்கிறார், பேந்து எடுங்கோ” என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டது.

நான் பயந்த பிறவி. பயத்தில் அந்தப் பெயரை அவருக்கு முன்னால் சொல்லாத ஒரே ஆள் நான்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத்தான் கடை வான் வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவார். போகும் வழியெல்லாம் எனக்குக் கவலைதான். விளைச்சல் சரியாக வந்து, உரம், பசளை வாங்கிய கடனையும் அடுத்த குத்தகையையும் கட்டினால்தான் வயல் அவர் கையில் நிற்கும். இல்லாவிட்டால் பக்கத்தில் குதிரை வளர்க்கிற பெண்மணிக்குப் போய்விடும். கிழவர் அதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

2009 தை மாதம் பயிர் தலை நிமிர்த்தவும் புறாக்கள் வந்து இறங்கின. கடுகர் சில்வர் தட்டத்தில் அகப்பையால் தட்டினார். சாப்பாடு என்று நினைத்தோ என்னவோ, இன்னும் கொஞ்சம் புறா வந்தது. பிறகு எங்கள் கடையில் விலைப்படாமல் கிடந்த படங்களின் டிவிடிகளை வாங்கி, மினுங்கட்டும் என்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். புறாக்கள் அதற்குக் கீழேயே குடும்பம் குடும்பமாக இருந்து மேய்ந்தன.

“தியேட்டரிலை ஒருத்தனும் இருந்து பாக்கேல்லை. இதுகள் இருந்து பாக்குதுகள்” என்றார் கடுகர்.

அந்த வருஷம் லண்டனில் கோபப்படாத தமிழர் யார்? ஊரிலே யுத்தம். நாங்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரோட்டில் நின்று கத்தினோம், எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. கடுகர் காலையில் எங்களோடு நின்று கத்திவிட்டு, பின்னேரம் வயலுக்குப் போய்ப் புறாக்களைப் பார்த்துக் கத்துவார். “அங்கை ஒருத்தனும் அசையிறானில்லை. இதுகளாவது எழும்பிப் பறக்குதுகள்” என்பார்.

புறா தின்றது போக மிஞ்சியது சித்திரையில் மஞ்சளாய்ப் பூத்தது. அறுவடை மெஷின்காரன் பெரிய வயல்களையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் வந்தான். அதற்குள் மழை பிடித்து, காய் வெடித்து, பாதி விதை மண்ணில். மிச்சத்தைத் தானிய வியாபாரியிடம் கொண்டுபோனோம். போன வருஷம் ஏறின விலை இந்த வருஷம் விழுந்துவிட்டதாம். விதையில் ஈரம் கூடவாம், அதற்கும் ஒரு வெட்டாம்.

பசளை விலையை யாராவது வெட்டினார்களா? டீசல் விலையை? விளைவித்தவனின் சாக்குக்கு முன்னால் மட்டும்தான் எல்லோர் கையிலும் கத்தி இருக்கும். அன்றைக்குக் கடுகர் பேசிய டொச்சில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் முழுவதும் சரி என்று பட்டது. அதே விலைக்குத் தன் விளைச்சலைக் கொடுத்துவிட்டு நின்ற, குத்தகை தந்த வெள்ளைக்காரக் கிழவரும் முகம் சிவக்கத் தலையை ஆட்டினார். அவருக்கும் டொச் தெரியாது.

விற்கமாட்டேன் என்று கடுகர் சாக்குகளைத் திருப்பிக் கொண்டுவந்து டயர்களுக்கு நடுவே அடுக்கினார். குத்தகை நாள் நெருங்கியது. ஒருநாள் எங்கள் முதலாளி வந்து, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

“அண்ணை, இதைச் சின்னப் பைக்கற்றிலை போட்டு நான் கடுகெண்டு விக்கிறன். அந்த வியாபாரியைவிட எவ்வளவோ கூடத் தாறன். வயலும் உங்களுக்கு நிக்கும்.”

“இது கடுகு இல்லை.”

“எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமே? போதாக்குறைக்கு உங்கடை பேரும் கடுகர்.”

நான் வாசலைப் பார்த்து நகர்ந்தேன், டொச் வரப்போகிறது என்று. வரவில்லை. அவர் சத்தம் போடாமல் கதைத்ததை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன்.

“ஒரு வருஷமாக் கத்திறன் இது கடுகு இல்லையெண்டு. இப்ப நானே ஓம், கடுகுதான் எண்டு சொல்லவோ? வயல் போனாப் போகட்டும். நீர் வெளியாலை போம்.”

வயல் குதிரைகளுக்குப் போய்விட்டது. சாக்குகளை ஃபாரஸ்ட் கேட் பகுதியில் பந்தயப் புறா வளர்க்கிற ஒருவர் தீனிக்கு வாங்கிப்போனார். அவருடைய வான் தெரு முடக்கால் திரும்பும்வரை கடுகர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “இலையையும் திண்டுதுகள், இப்ப விதையையும் திங்கப் போகுதுகள்” என்றார். அதற்குப் பிறகு டொச் தொடங்கியது, தெருமுழுக்கக் கேட்டது.

கடுகர் இன்றைக்கு உயிரோடு இல்லை. போன சித்திரையில் எசெக்ஸ் பக்கம் ரயிலில் போனபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு வயல் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. முன் சீற்றில் இருந்த எங்கடை ஆள் ஒருவர் மனிசிக்குக் காட்டி, “கடுகு” என்றார். வாழ்க்கையில் தனியாக நின்று ஒருவருக்கும் சத்தம் போட்டு அறியாத நான் எழும்பி நின்று, பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன், அது கடுகு இல்லையென்று.

திரும்பச் சீற்றில் இருந்தேன். கடுகர் பக்கத்தில் இருந்திருந்தால், “உவ்வளவுதானோ உம்மடை சத்தம்?” என்று எனக்கும் ஏசியிருப்பார். அந்த ஏச்சைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது.