நாற்பதாயிரம் வரிகளிலும் என் பெயர்

அன்பும் மரியாதையும் கொண்ட மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். இதைப் படித்து முடித்த பிறகும் நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். சின்ன நூலகங்கள் இலவசமாகப் பயன்படுத்த நீங்கள் தொடங்கிய மென்பொருளில் யார் வேண்டுமானாலும் நிரல் எழுதலாம் என்று கதவைத் திறந்துவைத்தீர்கள். வந்தவர்கள் மூன்று வருடமாக, வரிக்கு முன்னால் இரண்டு இடைவெளியா நான்கா என்று சண்டை போட்டார்கள். ஊருக்குப் புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே ஒரு கருவியே எல்லா வரியையும் ஒரே மாதிரி அடுக்கிடும். நீயே ஓட்டிடு கண்ணு. உன்மேல யாருக்கும் கோபம் வராது" என்றீர்கள். ஓட்டினேன். டீ ஆறுவதற்குள் நாற்பதாயிரம் வரிகளும் வரிசையில் நின்றன. சண்டையும் நின்றது. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் தெரியுமே, அதை நாம் இருவரும் மறந்துவிட்டோம். இப்போது எல்லா வரியிலும் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட என் பெயர்தான். முதல் வருடம் உங்களோடு எழுதிவிட்டு இறந்துபோன உங்கள் சிநேகிதரின் பெயரும் அதற்கடியில் மூடிப்போயிற்று. அதுதான் மனதை அறுக்கிறது.

கடையில் பால் கேட்கவே தயங்குகிற என்னிடம் இப்போது எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள். நிரல் எழுத வருகிறவர்களில் ஒருவரை நீங்கள் தாடிக்காரர் என்பீர்களே, அவர், "அக்கா, இதை ஏன் இப்படிச் சுத்தி வளைச்சு எழுதினீங்க?" என்று கேட்டிருந்தார். பார்த்தால் அவரே எழுதியது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நேற்று ஒருவர் போனிலேயே அழைத்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கையை ஆட்ட, அம்மா எடுத்து, "அவ வீட்ல இல்லைங்க" என்றாள். பிறகு என்னிடம், "யாரோ உன்ன மேடம்ங்கறாங்க. அப்படி என்னதான்டி பண்றே அந்தப் பொட்டி முன்னாடி? துணிக்கடையில திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க, போய்ச் சேரு" என்றாள்.

"உன் பேர்ல ஒரே ஒரு வரி உள்ள வரட்டும், இன்னும் ஒரு வருஷம் படிக்க விடச் சொல்லி உங்கம்மாகிட்ட நானே பேசறேன்" என்று சொல்லியிருந்தீர்கள். இந்த நாற்பதாயிரத்தைக் காட்டிப் பேசிவிடாதீர்கள் மாமா. நான் வெறும் இடைவெளியை நகர்த்தியவள். எல்லா இடத்திலிருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் நிம்மதியாக இருக்கவும்.

உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே கேட்டதை மறந்துவிடுங்கள். உறையை ஒட்டும் முன் தாடிக்காரர் ஒரு வழி சொன்னார். கருவி ஓடிய அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பொருட்படுத்தாதே என்று ஒரு கோப்பில் குறித்தால் பழைய பெயர்கள் திரும்பிவிடுமாம். குறித்தேன். உங்கள் சிநேகிதர் உட்பட எல்லோரும் திரும்பிவிட்டார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை. நூலகம் மூடியிருக்கும் நாளில் புத்தகக் கெடு முடிந்தால், திறக்கும் நாள்வரை பொறுத்திரு என்று சொல்லும் வரி ஒன்று உண்டு. பூட்டிய கதவின் முன் புத்தகத்தோடு நின்ற என்னை நம் மென்பொருள் "தாமதம்" என்று திட்டியதால் நான் எழுதியது அது. தனியாக அனுப்பக் கூச்சப்பட்டு, அந்த நாற்பதாயிரத்துக்குள் ஒளித்து அனுப்பினேன். அந்த இடத்தில் முன்பு இருந்த வரி அவருடையது என்பதால், இப்போது அதன் பக்கத்தில் தாடிக்காரர் பெயர் நிற்கிறது. நூலகர் ஒருவர் அவருக்கு நன்றி சொல்லி எழுதினாராம். "அக்கா, இதை நான் எப்போ எழுதினேன்?" என்று என்னிடம் கேட்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.