உன் கம்பியூட்டரின் பழைய லைப்ரரியைக் கழற்றியது பற்றி

பாலாவி

அன்பு மருமகள் பஸீஹாவுக்கு,

மாமா பாயிஸின் ஸலாம். நாங்கள் இங்கு சுகம், உன் சுகத்துக்குத் துஆ. உன் கம்பியூட்டரும் இப்போது சுகம். அந்த ‘இப்போது’வைப் பார்த்து நீ பதறக்கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம். மூன்று நாளாக உன் கோலை எடுக்காததும் அதனால்தான். ஃபோனில் என் குரல் நடுங்கும், பேனை நடுங்காது.

நீ கொழும்புக்குப் போகும்போது, களப்பு நீரின் மூன்று வருட உப்புக் கணக்கு இதற்குள் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கம்பஸுக்குக் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை, மாமா தொடவே வேண்டாம் என்று கடதாசியில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாய். நான் தொடவில்லை மகள், அதுவாகத்தான் கேட்டது, புது லைப்ரரி, அதாவது எல்லாக் கட்டளைக்கும் அடியில் நிற்கும் புரோகிராம், வந்திருக்கிறது, போடவா என்று. கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லி வளர்ந்தவனா நான்? ஓம் என்றேன். பாதியில் டேட்டா முடிந்து, சிவப்பு எழுத்தில் முறையிட்டது. உன் கம்பியூட்டரை ஓட்டுவது லினக்ஸ்; கல்பிட்டி தொடக்கம் சிலாபம் வரை அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், மற்றது நீ. ஆகவே நானே இறங்கினேன். உப்பு வாய்க்காலில் பலகை மாற்றுவது எப்படி? முதலில் பழையதைக் கழற்று, பிறகு புதியதை இறக்கு. முப்பது வருடம் இந்தக் கையால் செய்தது. அதேபோல் மாமியின் ஃபோனில் நெட்டைப் பார்த்து, கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலில் தட்டி, பழைய லைப்ரரியைக் கழற்றி வேறு ஃபோல்டரில் வைத்தேன். புதியதை இறக்கப் போனால், கொப்பி பண்ணும் கட்டளைக்கே அந்த லைப்ரரி வேண்டுமாம்! பழையதைத் திருப்பி வை என்றாலும் அதற்கும் வேண்டுமாம். எதைத் தட்டினாலும் லைப்ரரி இல்லை, லைப்ரரி இல்லை. சுவரில் சுவிட்சை நிப்பாட்டித் திரும்பப் போட்டேன். அதன்பின் அது எழும்பவே இல்லை.

உன் மாமி லெய்லா வாசலில் நின்று, “புள்ளட சாமான்ல கை வெக்காதீங்க எண்டு படிச்சுப் படிச்சுச் செல்லல்லயா? உப்புப் பாத்தியெண்டு நெனச்சீங்களா?” என்றாள்.

“ஓம், நெனச்சுட்டேன்” என்றேன். கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அவளுக்கு நான் சொன்ன முதல் ஓம்.

நுரைச்சோலையில் ஃபோன் திருத்தும் அல்பேட்டைக் கூப்பிட்டேன். காதில் பாட்டுக் கேட்கும் வயரோடேயே வந்தான்.

“நாநா, அந்தக் கறுப்பு ஜன்னலத் தொறந்தபடி விட்டிருந்தாலும் ஒரு வழி இருந்திருக்கும். எதுக்கு நிப்பாட்டினீங்க?”

“சூடாகுமே எண்டு.”

அவன் பார்த்த பார்வையை எழுதமாட்டேன். அதற்குப் பிறகு எல்லாம் என் தலைமையில்தான். பென் டிரைவில் இருந்த வேறொரு லினக்ஸால் கம்பியூட்டரை எழுப்பி, உன் டிஸ்க்கை வெளியிலிருந்து திறந்து, கழற்றிய லைப்ரரியை அதன் இடத்திலேயே வைக்கவேண்டும். நான் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அவன் தட்டினான். உப்புக் கணக்கில் ஒரு வரி குறையவில்லை. நான் கண் கலங்கவும் இல்லை.

ஆனாலும் மகள், கம்பியூட்டர் எழும்பாமல் கிடந்த இரண்டு மணித்தியாலமும் உன் மூன்று வருடத்தை நான் தின்றுவிட்டேன் என்றே இருந்தேன். மன்னித்துக்கொள்.

அல்லாஹ் உனக்குப் பட்டத்தையும் எனக்குப் புத்தியையும் ஒரே கிழமையில் தருவானாக.

உன் மாமா,
பாயிஸ்

பி.கு: உறையை ஒட்டும்போதுதான் மாமி சொல்கிறாள், அல்பேட்டின் காதில் இருந்தது பாட்டு இல்லையாம், நீயாம். கட்டளை எல்லாம் நீ சொன்னதாம். அப்படியென்றால் நான் பின்னால் நின்று கத்தியதும், உனக்கு லினக்ஸ் படிப்பித்ததே நான்தான் என்று அவனுக்கு அளந்ததும், மாமியின் தோளில் சாய்ந்து அழுததும் உனக்குக் கேட்டிருக்கும். எல்லாம் தெரிந்தும் மூன்று நாளாக நீ எதற்கு எனக்குக் கோல் பண்ணினாய் என்று மாமியிடம் கேட்டேன். “மாமா சாப்பிட்டாரா எண்டு கேக்கத்தான்” என்கிறாள் மாமி.

இன்னும் இல்லை மகள்.